அழைத்தால் போய்விடுவீர்களா?

கேள்வி: மதிப்புக்குரிய கேப்டன் ஐயாவுக்கு வணக்கம். எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம். அப்பா லுங்கி நெசவு செய்கிறார். வீட்டோடு சேர்ந்து ஆறு தறிகள். அந்த வீட்டை அடமானம் வைத்து 48 லட்சம் ரூபாய் கடன் வாங்கித்தான் விமானி உரிமம் பெற்றேன். பெரிய விமான நிறுவனம் ஒன்றில் ஏர்பஸ் ஏ320 துணை விமானியாக ஏழு மாதம் பறந்தேன். பயிற்சிக் காலத்தையும் சேர்த்து மொத்தம் 640 மணி நேரம். ஐந்து மாதங்களுக்கு முன் எங்களில் பலரை ‘மறு அறிவிப்பு வரும் வரை சம்பளமில்லா விடுப்பு’ என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது ஏடிஆர் என்ற சிறிய புரொப்பெல்லர் விமானங்களை இயக்கும் ஒரு சிறிய நிறுவனம் நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருக்கிறது. மூன்று வருடம் விலகமாட்டேன் என்று பாண்டு எழுதித் தர வேண்டும், இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகை 15 லட்சம் ரூபாய். சேரும்போது பழைய நிறுவனத்தில் ராஜினாமா செய்த சான்றும் வேண்டும் என்கிறார்கள். ராஜினாமா செய்தால் என் சீனியாரிட்டி போய்விடும். சீக்கிரமே திரும்ப அழைப்பார்கள், பொறுத்திரு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஜெட் ஓட்டியவன் காற்றாடி விமானத்துக்குப் போவதா என்று மாமா கேட்கிறார். நேர்முகத்தில் ‘பழைய நிறுவனம் அழைத்தால் போய்விடுவீர்களா’ என்று கேட்பார்களாம். பொய் சொல்லலாமா? எனக்கு மருத்துவச் சான்றும் அடுத்த மாதம் காலாவதியாகிறது. தினமும் பைக்கை எடுத்துக்கொண்டு அப்துல்லாபுரம் விமான ஓடுதளம் வரை போய், சுற்றுச்சுவர் ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்புகிறேன்.
– குடியாத்தம் வாசகர்

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் அப்துல்லாபுரம் சுற்றுச்சுவர் வந்த இடத்தில் கண் நின்றுவிட்டது. நான் காட்பாடிக்காரன். சம்பளம் நின்று, வேலையும் இல்லாமல் எட்டு மாதம் வீட்டில் இருந்த காலம் எனக்கும் உண்டு. அப்போது நானும் அதே பெங்களூர் சாலையில் போய் அதே இடத்தில் நின்றிருக்கிறேன். அதனால் உங்களைக் காக்க வைக்காமல் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேர்முகத்துக்குப் போங்கள். வேலை கிடைத்தால் சேருங்கள். பாண்டுப் பத்திரத்தின் முழு வாசகமும் கைக்கு வரும்வரை ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நேர்முகத்தில் பொய் சொல்லாதீர்கள்.

நீங்கள் கடைசியாகக் கேட்ட கேள்வியில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.

சில வருடங்கள் நான் ஒரு சிறிய நிறுவனத்தின் தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன். 2019 ஏப்ரல் 17-ஆம் தேதி இரவு ஜெட் ஏர்வேஸின் கடைசி விமானம் அமிர்தசரஸில் இருந்து மும்பைக்குக் கிளம்பியது. அதன் பிறகு வந்த வாரங்களில் எங்கள் அலுவலகத்தில் விண்ணப்பங்கள் குவிந்தன. அதுவரை 200 மணி நேர உரிமத்தோடு வரும் பிள்ளைகளைத்தான் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று மூவாயிரம், நாலாயிரம் மணி நேரம் ஜெட் ஓட்டியவர்கள் அதே வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். வெளியில் இருந்து பார்ப்பவர்கள், சிறிய நிறுவனத்துக்கு அடித்தது யோகம் என்று நினைத்திருப்பார்கள். உள்ளே இருந்த எங்களுக்குப் பயமாக இருந்தது. இவ்வளவு அனுபவம் உள்ளவர் நம்மிடம் எத்தனை நாள் இருப்பார் என்ற பயம்.

அந்தப் பயத்தின் கணக்கை உங்களுக்குச் சொல்கிறேன். ஏர்பஸ்ஸில் இருந்து வரும் ஒருவரை ஏடிஆருக்கு மாற்ற வேண்டுமானால் வகுப்பு, சிமுலேட்டர் என்ற மாதிரி விமானி அறை, பிறகு விமானத்தில் பயிற்சி, அதன் பிறகு பயணிகளோடு பயிற்சி கேப்டனின் பக்கத்தில் உட்கார்ந்து பறப்பது என்று மாதங்கள் ஓடும். இதில் பணத்தைவிடப் பெரிய செலவு பயிற்சி கேப்டனின் நேரம். ஐந்தாறு விமானம் வைத்திருக்கும் நிறுவனத்தில் அப்படிப்பட்டவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருப்பார்கள். ஒருவரைத் தயார் செய்ய அவர் செலவிட்ட மாதங்கள், அந்த ஆள் ஆறே மாதத்தில் கிளம்பினால் மொத்தமாகப் போய்விடும். அந்த இடத்தில் இன்னொரு பிள்ளை தயாராகியிருக்கலாம், அவருக்கும் அந்த வாய்ப்பு போயிருக்கும். ‘அழைத்தால் போய்விடுவீர்களா’ என்று அவர்கள் கேட்பது உங்களை மடக்குவதற்காக என்று எண்ண வேண்டாம். அவர்கள் உண்மையிலேயே பதில் தேடும் ஒரே கேள்வி அதுதான். உங்கள் திறமையை அறிய அவர்களுக்குச் சிமுலேட்டர் இருக்கிறது.

அந்த நாட்களில் வந்த இரண்டு பேரை இன்னும் நினைவு வைத்திருக்கிறேன். முதலாமவர் கேள்வியை முடிக்கும் முன்பே, “ஒருபோதும் போகமாட்டேன் சார்” என்றார். குழுவில் யாரும் நம்பவில்லை. இரண்டாமவர், பறந்த நேரத்தைப் பதியும் லாக்புக்கை மேசைமேல் விரித்து வைத்திருந்தார். கடைசிப் பதிவு மார்ச் மாதத்தில் நின்றிருந்தது, அதற்குக் கீழே பக்கம் முழுக்க வெற்று வரிகள். கட்டைவிரலை அந்தக் கடைசி வரியின் மேலேயே வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு, “அழைத்தால் போகத் தோன்றும் சார், அதை மறைக்கமாட்டேன். ஆனால் நீங்கள் கொடுக்கும் பயிற்சிக்கு உரிய காலத்தை முடித்துக் கொடுக்காமல் போகமாட்டேன். அதை எழுதியும் தருகிறேன்” என்றார். அவரை எடுத்தோம். சொன்ன காலத்தையும் தாண்டி எங்களோடு பறந்தார்.

நீங்களும் இதையே உங்கள் வார்த்தைகளில் சொல்லலாம். ஒரு நிபந்தனை உண்டு. சொல்வது உண்மையாக இருக்க வேண்டும். மூன்று வருடம் இருப்பேனா என்ற கேள்விக்கு விடையை வீட்டிலேயே, அப்பாவோடு உட்கார்ந்து முடிவு செய்துகொண்டு போங்கள். மனம் ஒப்பவில்லை என்றால் நேர்முகத்துக்கே போகாதீர்கள். நம் நாட்டு விமானத் துறை வெளியில் இருந்து பெரியதாகத் தெரியும். உள்ளே வந்தால் ஒரு தெரு மாதிரி. இன்று உங்களை நேர்முகம் காணும் கேப்டன் ஐந்து வருடம் கழித்து வேறொரு நிறுவனத்தில் உங்கள் திறனைச் சோதிக்கும் விமானியாக வந்து உட்காருவார்.

இனி நீங்கள் இழக்கப் பயப்படும் சீனியாரிட்டி. இதில் நண்பர்கள் சொல்வதைக் கேட்காமல் காகிதத்தில் எழுதிப் பாருங்கள். ஆள் குறைக்கும்போது கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியே போவார். திரும்ப அழைக்கும்போது மூத்தவர் முதலில் உள்ளே வருவார். அமெரிக்காவில் தொழிற்சங்க ஒப்பந்தங்களிலேயே இந்த வரிசை எழுதப்பட்டிருக்கிறது. நம் ஊரில் உங்கள் பணி ஒப்பந்தத்தில் திரும்ப அழைக்கும் உறுதி ஏதாவது எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தாலும்கூட, ஏழு மாதமே பறந்த நீங்கள் அந்தப் பட்டியலின் அடிவரிசையில் இருப்பீர்கள். உங்களுக்கு மேலே எத்தனை பேர் வீட்டில் இருக்கிறார்கள்? அவர்கள் அத்தனை பேரும் உள்ளே போன பிறகுதான் உங்கள் முறை வரும். நீங்கள் காப்பாற்றத் துடிக்கும் எண், பட்டியலில் ஏறக்குறைய கடைசி எண். இதே இடத்தில் எட்டு வருடம் பறந்த ஒருவர் எனக்கு எழுதியிருந்தால், கொஞ்சம் பொறுங்கள் என்றுதான் பதில் எழுதியிருப்பேன்.

அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான விமானிகளை இப்படி வீட்டுக்கு அனுப்பின. அவர்களை எடுத்துக்கொள்ளச் சிறிய வட்டார நிறுவனங்கள் தயங்கின. பழைய சீனியாரிட்டி எண்ணை விட்டுக்கொடுத்து வந்தால் பார்க்கலாம் என்று சொன்னவர்களும் உண்டு. யுஎஸ் ஏர்வேஸில் 2002-ல் ஓர் ஏற்பாடு செய்தார்கள். அதன் துணைச் சேவைகளில் புதிதாக வரும் சிறு ஜெட் விமானங்களில், வீட்டுக்கு அனுப்பப்பட்ட விமானிகளுக்கு இடம் ஒதுக்கினார்கள். அதாவது எண்ணையும் இழக்காமல் பறக்கவும் வழி. அப்படிப்பட்ட ஏற்பாடு உங்களுக்குக் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேரச் சொல்வேன். கேட்டுப் பாருங்கள், கேட்பதில் தவறில்லை. ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். அங்கேயே 2007 டிசம்பரில் ஓய்வு வயதை 60-ல் இருந்து 65 ஆக்கினார்கள். மூத்தவர்கள் இடத்தைக் காலி செய்யவில்லை. அடுத்த வருடமே பொருளாதாரம் சரிந்தது. இதோ அழைப்பு வரும் என்று காத்திருந்தவர்களின் காத்திருப்பு இன்னும் பல வருடம் நீண்டது.

நம் நாட்டிலும் பாருங்கள். ஜெட் மீண்டும் பறக்கும் என்று 2021-லும் 2022-லும் செய்தி வந்தபடியே இருந்தது. 2024 நவம்பர் 7 அன்று அந்த நிறுவனத்தைக் கலைத்து விற்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் 2023 மே மாதம் நின்றது, 2025 ஜனவரியில் கலைப்பு உத்தரவு வந்தது. இவற்றை நம்பி வேறு வேலைக்குப் போகாமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும். உங்கள் நிறுவனம் இவற்றைப் போல் ஆகிவிடும் என்று நான் சொல்லவில்லை. நல்லபடியாக மீளட்டும். ஆனால் மீளும் தேதி உங்கள் கையில் இல்லை, இஎம்ஐ தேதி மாதாமாதம் வருகிறது.

சும்மா இருந்தால் என்ன ஆகும் என்பதை என் கதையாகவே சொல்கிறேன், இதை நான் பலரிடம் சொன்னதில்லை. எட்டு மாத இடைவெளிக்குப் பிறகு ஒரு நிறுவனம் என்னைச் சிமுலேட்டர் தேர்வுக்கு அழைத்தது. புத்தகமெல்லாம் மனப்பாடம். வேகம் வி1-ஐ, அதாவது இனி நிறுத்தாமல் மேலேறியே ஆக வேண்டிய வேகத்தைத் தாண்டியதும் தேர்வாளர் இடது என்ஜினை நிறுத்தினார். அந்தக் கணத்தில் வலது கால் யோசிக்காமல் மிதியில் அழுந்த வேண்டும். எனக்கு வாயில் சரியான சொல் வந்துவிட்டது, கால் வரவில்லை. இரண்டு நொடி இருக்கும். மூக்கு இடப்பக்கம் ஓடியது, நான் துரத்திக்கொண்டு போய்ப் பிடித்தேன். தேர்வாளர் ஒன்றும் சொல்லவில்லை. பேனாவை எடுத்து எதையோ எழுதினார். அந்தப் பேனாச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அந்த முறை நான் தேறவில்லை. மூன்று மாதம் கழித்துக் கையில் இருந்த பணத்தைப் போட்டு சிமுலேட்டர் நேரம் வாங்கிப் பழகிய பிறகுதான் வேறொரு இடத்தில் தேறினேன்.

90 நாட்களில் மூன்று முறையாவது மேலேறி இறங்கியிருக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை திறன் சோதனை என்றெல்லாம் விதி வைத்திருப்பது சும்மா இல்லை. நீங்கள் பறந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. ஏ320 என்ற பதிவு உரிமத்தில் அப்படியேதான் இருக்கும், கால் மட்டும் மறந்துகொண்டே வரும். நேர்முகத்துக்கு முன் முடிந்தால் இரண்டு மணி நேரமாவது சிமுலேட்டரில் உட்காருங்கள். கடன் வாங்கியாவது செய்ய வேண்டிய செலவு இது ஒன்றுதான்.

மாமாவுக்கு என்ன பதில் சொல்வது? ஏடிஆர் 72 கிட்டத்தட்ட 70 முதல் 78 பேரை ஏற்றிக்கொண்டு மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் போகும். 25,000 அடிக்கு மேல் ஏறாது. அதனால் ஏர்பஸ் மேலே தாண்டிப் போய்விடும் மேகத்தை நீங்கள் சுற்றிக்கொண்டோ ஊடுருவியோ போயாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் இருந்து தெற்கே ஒரு நடை போய் வந்தால் தெரியும், வானிலைப் பாடத்தை மூன்று நாளில் திரும்பப் படித்த மாதிரி இருக்கும். ஒரு நாளில் நான்கு முறை, சில நாளில் ஆறு முறை இறங்குவீர்கள். நீண்ட தூர விமானத்தில் இருக்கும் உங்கள் நண்பருக்கு ஒரு மாதத்தில் அத்தனை தரையிறக்கம் கிடைக்காது. சின்ன ஊர் ஓடுதளங்கள், எதிர்க்காற்று, பக்கக்காற்று, வசதி குறைந்த விமான நிலையங்கள் எல்லாம் கைக்குப் பழகும். சின்ன ஊர்களுக்கு மானியம் கொடுத்து விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் 2018 மார்ச்சில் சேலத்துக்குச் சென்னையில் இருந்து விமானம் விட்டபோது வந்ததும் ஏடிஆர்தான். இண்டிகோவும் 2017 டிசம்பரில் இருந்து ஏடிஆர் ஓட்டுகிறது. மாமா காற்றாடி என்று சொல்வதன் பின்னால் சுழல்வதும் ஜெட் வகை டர்பைன் என்ஜின்தான் என்று அவரிடம் சொல்லுங்கள். கேப்டன் ஆவதற்கான ஏடிபிஎல் உரிமத்துக்கு 1,500 மணி நேரம் தேவை. அந்த மணிக்கணக்கு உங்களுக்கு ஓடுவது ஏடிஆரில்தான், வீட்டுத் திண்ணையில் இல்லை. ஒன்றை மறைக்கக் கூடாது: பிறகு ஏர்பஸ்ஸுக்குத் திரும்பும்போது மறுபயிற்சியும் சோதனையும் தேவைப்படும், சம்பளமும் இப்போது குறைவாகத்தான் இருக்கும்.

இன்னொரு உண்மையையும் மாமா தெரிந்துகொள்ளட்டும். 2022-ல் நம் நாட்டில் 1,165 பேருக்கு வணிக விமானி உரிமம் கொடுத்தார்கள், 2023-ல் 1,622 பேருக்கு. ‘விமானி பஞ்சம்’ என்று பத்திரிகையில் வருவதெல்லாம் பெரும்பாலும் கேப்டன் பஞ்சம். துணை விமானி வாசலில் நெரிசல்தான். அந்த நெரிசலில் உங்களைத் தனியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஆனால் சிறிய நிறுவனம் என்றாலே கரை சேர்ந்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். நம் தென்னாட்டிலேயே எத்தனை பார்த்தோம். சென்னையை மையமாகக் கொண்டு பறந்த பாரமவுண்ட் 2010-ல் நின்றது. பெங்களூரின் ஏர் பெகாசஸ் 2015-ல் தொடங்கி 2016-ல் நின்றது. கோயம்புத்தூரின் ஏர் கார்னிவல் 2016-ல் தொடங்கி 2017-ல் நின்றது. விஜயவாடாவின் ஏர் கோஸ்டாவும் 2017-ல் போனது. நான் சொன்ன சேலம் சேவையை நடத்திய ட்ரூஜெட் 2022-ல் நின்றது. அதனால் அவர்கள் உங்களைச் சோதிப்பது போல நீங்களும் அவர்களைச் சோதிக்க வேண்டும்.

முதலில், அங்கே வேலை செய்யும் துணை விமானிகள் இரண்டு பேரிடம் பேசுங்கள். போன மூன்று மாதச் சம்பளம் எந்தத் தேதியில் வந்தது என்று கேளுங்கள். பிஎஃப் கணக்கில் மாதாமாதம் பணம் ஏறுகிறதா, பிடித்த வருமான வரி அரசுக்குக் கட்டப்பட்டிருக்கிறதா என்று அவர்கள் கைபேசியிலேயே பார்த்துச் சொல்ல முடியும். பணம் தட்டுப்படும் நிறுவனம் முதலில் கை வைப்பது இந்த இரண்டில்தான். சம்பளம் நிற்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பே அங்கே விரிசல் தெரியும். என் கடைசிச் சம்பளம் நிற்பதற்கு முந்தைய வருடமே என் பிஎஃப் கணக்கு காலியாக இருந்தது. நான் பார்க்கவில்லை.

அடுத்து, எத்தனை விமானம் இருக்கிறது என்று கேட்காமல் எத்தனை விமானம் இன்று பறக்கிறது என்று கேளுங்கள். என்ஜினுக்காகவும் உதிரிபாகத்துக்காகவும் தரையில் நிற்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரு விமானத்துக்கு ஏறக்குறைய ஐந்தாறு ஜோடி விமானிகள் தேவை. பறப்பது மூன்று, விமானிகள் முப்பது ஜோடி என்றால் உங்களுக்கு மாதம் முப்பது மணி நேரம்கூடக் கிடைக்காது. பிறகு, அவர்களுடைய வழித்தடங்களில் எத்தனை உடான் மானியத்தில் ஓடுகின்றன, அந்த மானியக் காலம் எப்போது முடிகிறது என்று பாருங்கள். ஒரு தடத்துக்கு மானியம் சில வருடங்கள்தான். பாதித் தடங்களுக்கு அடுத்த வருடம் முடிகிறது என்றால், உங்கள் பாண்டுக் காலத்துக்குள்ளேயே அட்டவணை சுருங்கலாம்.

பாண்டைப் பற்றி. 15 லட்சம் என்ற தொகையைவிட மூன்று வாசகங்கள் முக்கியம். நீங்கள் பறந்த மாதங்களுக்கு ஏற்பத் தொகை குறைந்துகொண்டே வர வேண்டும். இரண்டு மாதம் தொடர்ந்து சம்பளம் தராவிட்டாலோ சம்பளமில்லா விடுப்பில் அனுப்பினாலோ பாண்டு தானாக முடிவடைய வேண்டும். ஏடிஆர் பயிற்சியை இத்தனை மாதத்துக்குள் தொடங்குவோம் என்று தேதி இருக்க வேண்டும். இல்லையென்றால் உங்களைச் சேர்த்துவிட்டு ஒரு வருடம் வகுப்பறையிலேயே வைத்திருப்பார்கள், பாண்டு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஏற்கெனவே ஒரு விடுப்பால் அடிபட்டவர் என்பதால் இரண்டாவதைக் கேட்க உங்களுக்கு முழு நியாயம் இருக்கிறது. நேர்முகத்தில் நீங்கள் உண்மை பேசியிருந்தால், இதைக் கேட்கும்போது அவர்களும் மதிப்பார்கள்.

அசல் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். பின்னால் வரும் தேதி போட்ட காசோலை கேட்டால் மறுத்துவிடுங்கள். காசோலை திரும்பினால் அது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவில் குற்ற வழக்காகிவிடும். வெறும் ஒப்பந்த மீறல் என்றால், ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி எழுதிய தொகையைத் தானாக அப்படியே வசூலித்துவிட முடியாது, அதற்கு மிகாத நியாயமான நஷ்டஈடுதான் கிடைக்கும். இந்த வித்தியாசம் பெரிது. வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் தொழிலாளர் வழக்குப் பார்க்கும் ஒரு வழக்கறிஞரிடம் பத்திரத்தைக் காட்டி, கட்டணம் கொடுத்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்கள். தெரிந்தவர், சொந்தக்காரர் என்று இலவசமாகக் கேட்காதீர்கள். இலவசமாகப் படிப்பவர் முதல் பக்கத்தோடு நிறுத்திவிடுவார்.

ராஜினாமாவில் ஒரு முடிச்சு இருக்கிறது. 2017-ல் விமானத் துறையைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ கொண்டுவந்த விதிப்படி துணை விமானி ஆறு மாதமும் கேப்டன் ஒரு வருடமும் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். நிறுவனம் சம்மதித்து என்ஓசி என்ற தடையில்லாச் சான்று கொடுத்தால் முன்பே வெளியேறலாம். அந்த முன்னறிவிப்புக் காலத்தில் சம்பளத்தைக் குறைத்தாலோ பணி நிபந்தனைகளை உங்களுக்குப் பாதகமாக மாற்றினாலோ, காலம் முடியும் முன்பே விடுவிக்கும்படி கேட்கவும் அதே விதியில் இடம் இருக்கிறது. சம்பளமே தராமல் வீட்டில் வைத்திருப்பவர்கள் உங்களை ஆறு மாதம் பிடித்து வைக்க விரும்பமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். ஆனாலும் வாய்வார்த்தை வேண்டாம், மின்னஞ்சலில் வாங்குங்கள். ஆக வரிசை இப்படி இருக்கட்டும்: புதிய நிறுவனத்தின் பணி நியமனக் கடிதம், பாண்டின் முழு வாசகம், வழக்கறிஞரின் கருத்து, பழைய நிறுவனத்தின் என்ஓசி ஒப்புதல், அதன் பிறகுதான் ராஜினாமா. புதியவர்கள் அவசரப்படுத்தினால், “என்ஓசி ஒப்புதல் வந்த அன்றே ராஜினாமா நகலை அனுப்புகிறேன்” என்று எழுதிக் கொடுங்கள். ஒரு வாரம் காத்திருக்க முடியாத நிறுவனம் மூன்று வருடம் கேட்கக் கூடாது.

பழைய நிறுவனத்தைவிட்டு வரும்போது கசப்பாக எதுவும் எழுதாதீர்கள். நான்கு வரி போதும்.

சேர்ந்த பிறகு ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்கள் பணித்தளம் பெங்களூராகவோ ஹைதராபாத்தாகவோ இருக்கும். வாடகையை மிச்சப்படுத்தக் காட்பாடியில் இரவு ரயில் ஏறி அதிகாலை ஐந்து மணிப் பணிக்குப் போகலாம் என்று தோன்றும். 2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவில் பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 விழுந்து 50 பேர் இறந்தார்கள். அது வட்டார நிறுவனத்தின் டர்போப்ராப் விமானம், ஏடிஆர் போலவே காற்றாடி வைத்தது. அதன் துணை விமானி முந்தைய இரவு நாட்டின் மறுகோடியான சியாட்டிலில் இருந்து வேறு விமானங்களில் தொற்றிக்கொண்டு நியூவார்க் வந்திருந்தார். அவருக்குச் சம்பளமும் குறைவு. அந்த விபத்துக்குப் பிறகுதான் துணை விமானிக்கும் 1,500 மணி நேரம் வேண்டும் என்ற விதி 2013-ல் அங்கே நடைமுறைக்கு வந்தது. எனக்கு அந்தக் கதையில் மணிக்கணக்கைவிட அந்த இரவுப் பயணம்தான் உறுத்துகிறது. நான்கு பேர் சேர்ந்து ஓர் அறையாவது எடுங்கள். முதல் மாதச் சம்பளத்தில் இஎம்ஐக்கும் முன்னால் அந்த வாடகை போகட்டும்.

கடனைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஒன்று மட்டும்: தவணை தவறிய பிறகு வங்கிக்குப் போவதும், தவறும் முன் விடுப்புக் கடிதத்தையும் புதிய நியமனக் கடிதத்தையும் கையில் எடுத்துக்கொண்டு போவதும் ஒன்றில்லை. மேலாளரிடம் தவணையைச் சிறிது காலம் குறைத்துத் தரும்படி எழுத்தில் கேளுங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். வீடு அவர் பெயரில் இருக்கிறது, என்ன நடக்கிறது என்று முழுதாகத் தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு இருக்கிறது. ஆறு தறியை ஓட்டிக் குடும்பத்தைத் தாங்கியவருக்கு, சந்தை படுத்த மாதத்தில் தறியை நிறுத்தாமல் குறைந்த கூலிக்காவது பாவு ஏற்றுவது ஏன் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏடிஆருக்குப் போகும் காரணத்தை மாமாவைவிட அவர் சீக்கிரம் புரிந்துகொள்வார்.

பாண்டு வாசகம் வந்ததும், பெயர்களை மறைத்துவிட்டு எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன். மருத்துவச் சான்று அடுத்த மாதம் காலாவதி என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். அது இல்லாமல் சிமுலேட்டரில் எவ்வளவு நன்றாகப் பறந்தாலும் யாராலும் உங்களைச் சேர்த்துக்கொள்ள முடியாது. சென்னையில் டிஜிசிஏ அங்கீகாரம் பெற்ற மருத்துவர்கள் இருக்கிறார்கள். நாளைக் காலை ஓடுதளத்துப் பக்கம் போகாமல், முதலில் அங்கே ஒருவரிடம் நேரம் வாங்கிவிடுங்கள்.